கடுகளவுச் சிலந்தி

பூச்சி டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிலந்தியைப் பற்றியவை. கடுகளவில் ஒரு புதிய சிலந்தி இனம் கண்டுபிடிக்கப்பட்டது என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்த சின்னச் செய்திதான் காரணம். கல்லூரியில் முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபோதுகூட இத்தனை பேர் என்னிடம் சிலந்தியைப் பற்றிக் கேட்டதில்லை. அதனால் செடிப்பேன், கரப்பான் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை சிலந்தி மட்டும்.

*

கே: வணக்கம் டீச்சர். பேப்பரில் வந்த படத்தைப் பார்த்தால் என் மொட்டைமாடித் தொட்டிகளில் ஓடுகிற சிலந்தி மாதிரியே இருக்கிறது. நாற்பது வருஷமாக நான் பார்க்கிறதை இன்றைக்கு யாரோ ‘கண்டுபிடித்தேன்’ என்றால் எப்படி? எதை வைத்துப் புதிது என்கிறார்கள்?

– இல்லத்தரசி, நங்கநல்லூர்

ப: நியாயமான கேள்வி அம்மா. சிலந்தி உங்கள் தொட்டிக்கு மட்டும் இல்லை, நங்கநல்லூருக்கே உங்களுக்கு முன்னால் வந்திருக்கும். ‘புதிய இனம்’ என்றால், இதுவரை யாரும் அதை முறைப்படி விவரித்துப் பெயர் வைத்து அச்சில் போடவில்லை என்று அர்த்தம். பார்ப்பதற்கும் விவரிப்பதற்கும் நடுவில் ஒரு பெரிய வேலை கிடக்கிறது. பேப்பர்களில் அந்த வேலையைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், அது பெரியதாக வளர்ந்த சிலந்தியா, குட்டியா என்று தெரிய வேண்டும். சின்னதாக இருப்பதெல்லாம் சின்ன இனம் ஆகிவிடாது. உங்கள் தொட்டியில் ஓடுவதில் பாதி, பெரிய சிலந்திகளின் குஞ்சுகளாக இருக்கலாம். குட்டியை வைத்துப் பெரும்பாலும் இனம் சொல்ல முடியாது. கடைசித் தோலை உரித்து, இனப்பெருக்க உறுப்பு முழுதாக உருவான பிறகுதான் அதன் அடையாளம் தெரியும்.

அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்றால், ஆணுக்கு முகத்தருகில். எட்டுக் கால்களைத் தவிர, வாய்க்குப் பக்கத்தில் குட்டிக் கைகள் போல இரண்டு உண்டு. பால்ப் என்பார்கள். வளர்ந்த ஆணுக்கு அதன் நுனி, பாக்ஸிங் கையுறை மாட்டியது போல உருண்டிருக்கும். வீட்டுச் சுவரில் ஓடும் சிலந்தியிலேயே பார்க்கலாம். அந்த உருண்டைக்குள் சுருள், கொக்கி, முள், ஊசிக்குழாய் என்று என்னென்னவோ இருக்கும். ஆணின் விந்துவைப் பெண்ணிடம் கொண்டு சேர்க்கும் கருவி அதுதான். பெண்ணுக்கு வயிற்றின் அடியில் அதற்குப் பொருந்துகிற அமைப்பு. பூட்டும் சாவியும் என்று பாடத்தில் சொல்வோம். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற இரண்டு இனங்களுக்கு இந்தச் சாவி வேறு வேறாக இருக்கும். அதனால்தான் பேப்பர் படத்தை வைத்து உங்கள் சிலந்தி அதுதான் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இதைப் பார்ப்பது எப்படி என்று சொல்லட்டுமா? ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆல்கஹால் ஊற்றி, அடியில் சலித்த மணல் கொஞ்சம் போடுவோம். சிலந்தி கடுகளவுதானே, சும்மா விட்டால் மிதந்து உருளும். மணலில் ஊசிமுனையால் ஒரு குழி செய்து, அதில் தலையணையில் சாய்ப்பது போலச் சாய்த்து வைத்தால்தான் நமக்கு வேண்டிய பக்கம் அசையாமல் நிற்கும். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்க்கும்போது நம் மூச்சுக்காற்று பட்டால்கூட ஆல்கஹால் அலை அடிக்கும். ஆணின் இடது பால்ப்பைக் கழற்றி மூன்று பக்கமும் பார்த்து வரைய வேண்டும். பெண்ணின் உறுப்பை வெட்டியெடுத்துக் கிராம்பு எண்ணெயில் போட்டு வைப்போம். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைக்கிற அதே கிராம்பு எண்ணெய்தான். அதில் ஊறினால் தசை கண்ணாடி போலத் தெளிந்து உள்ளே இருக்கிற பைகளும் குழாய்களும் தெரியும். எங்கள் ஆய்வுக்கூடம் எப்போதும் பல் டாக்டர் கிளினிக் மாதிரி மணக்கும். இன்றைக்கும் கிராம்பு வாசனை வந்தால் எனக்குச் சிலந்திதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் அளவுகள். உடல் நீளம், கண்களுக்கு இடையே உள்ள தூரம், ஒவ்வொரு காலின் ஒவ்வொரு கணுவும். எந்தக் கால் நீளம் என்பதைக்கூட 4123 என்று எண்ணாகவே எழுதுவோம். நாலாம் கால் எல்லாவற்றையும் விட நீளம், அடுத்தது முதல் கால் என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, இது ஏற்கெனவே பெயர் பெற்ற எதுவும் இல்லை என்று நிரூபிப்பது. மற்ற எல்லா விலங்குகளுக்கும் அறிவியல் பெயர்க்கணக்கு 1758-ல், இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது. சிலந்திக்கு மட்டும் 1757. சுவீடன் நாட்டுக் கார்ல் கிளெர்க் சிலந்திகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டு முந்திக்கொண்டார், அதை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அந்த வகையில் எழுதப்பட்ட எல்லா விவரிப்பையும் தேடிப் படிக்க வேண்டும். நம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி ஆங்கிலேய ஆய்வாளர் போக்காக் 1900-ல் எழுதியது லண்டனிலிருந்து. இங்கிருந்து போன பல சிலந்திகளுக்குப் பெயர் வைத்த யூஜீன் சிமோன் பாரிஸ்காரர். பெயர் வைக்கும்போது அவர்கள் கையில் இருந்த மூல மாதிரிகள் இன்னும் அந்த ஊர் மியூசியங்களில்தான் இருக்கின்றன. அந்தக் காலத்து விவரிப்பு சில சமயம் நாலே வரி, படமும் இருக்காது. அந்த நாலு வரிக்காக மூல மாதிரியின் படத்தைக் கேட்டு எழுதி, பதிலுக்குக் காத்திருந்து பல மாதம் போகும்.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எழும்பூர் மியூசியத்துக்கு 1920 முதல் 1940 வரை கண்காணிப்பாளராக இருந்த எஃப். எச். கிரேவ்லி சிலந்தி ஆய்வாளர். நம் நாட்டு ஓநாய்ச் சிலந்திகளைப் பற்றி 1924-ல் அவர் எழுதியதை இன்றைக்கும் எடுத்துப் பார்க்காமல் வேலை ஓடாது. மியூசியத்துக்குப் போகிறவர்கள் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

எல்லாம் ஒத்துவந்தால், ஒரே ஒரு சிலந்தியை ‘ஹோலோடைப்’ என்று குறித்து, அதன் பெயருக்கு அதையே சாட்சியாக வைத்துக் கட்டுரை வெளியிட வேண்டும். நம் நாட்டில் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய இனத்தின் மாதிரியை அதற்கென்று அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைத்தாக வேண்டும். விலங்கென்றால் இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல நிலையம் நம் சாந்தோம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் உங்கள் பேப்பரில் அந்த மூலைச் செய்தி வருகிறது. உங்கள் தொட்டிச் சிலந்திக்கு இன்னும் யாரும் இதைச் செய்யாமல் இருக்கவும் வாய்ப்பு இருக்கிறது அம்மா. பூச்சிமருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்.

*

கே: சிலந்தி எவ்வளவு சின்னதாக இருக்க முடியும்? அவ்வளவு சின்ன உடம்பில் மூளை, நுரையீரல் எல்லாம் எங்கே வைப்பது?

– ரயில்வே ஊழியர் (ஓய்வு), பெரம்பூர்

ப: கொலம்பியாவில் ‘பாட்டு டிகுவா’ என்று ஒரு சிலந்தி, 1977-ல் விவரித்தார்கள். அதன் ஆண் 0.37 மில்லிமீட்டர். ஒரு கசகசா விதை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பெரும்பாலான சிலந்திகளுக்குப் புத்தகப் பக்கம் போல அடுக்கடுக்காக இருக்கிற ‘புத்தக நுரையீரல்’ அந்தக் குடும்பத்துச் சிலந்திகளுக்குக் கிடையாது. மெல்லிய காற்றுக்குழாய்களை வைத்துச் சமாளிக்கின்றன.

மூளை விஷயம்தான் என்னை அசத்தியது. பனாமாவில் இருக்கிற ஸ்மித்சோனியன் ஆய்வு நிலையத்தார் 2011-ல் சின்னச் சிலந்திகளை அறுத்துப் பார்த்து அளந்தார்கள். மிகச் சின்ன சிலந்திகளில், தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியின் உள்ளிடத்தில் ஏறத்தாழ 80 சதவீதம்வரை மூளையும் நரம்புத் திரளும்தான். அதுவும் போதாமல் கால்களின் அடிக்கணுக்களுக்குள் வழிந்திருக்கிறது. சில குஞ்சுகளுக்கு மூளை கொள்ளாமல் மார்பின் அடிப்பக்கம் புடைத்தே இருந்ததாம். வலை பின்னுகிற வேலைக்கு அவ்வளவு நரம்பு வேண்டியிருக்கிறது. உடம்பு சிறுத்தாலும் ஒரு அளவுக்குக் கீழே நரம்பணுவைச் சுருக்க முடியாது. கூட்டுக்குடித்தன வீட்டில் சாமான் வராந்தாவுக்கு வந்துவிடுவது போல மூளை காலுக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செத்த சிலந்தி காலை மடக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை மடக்கத்தான் அதற்குத் தசை. நீட்டுவது உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தம் போய்விடும், கால் மடங்கிவிடும்.

*

கே: என் பையனின் கழுத்தில் காலையில் கோடு போட்டாற்போல எரிச்சலும் கொப்புளமும். மாமியார், எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது என்கிறார். இந்தச் சின்னச் சிலந்திகளால் வருமா?

– வேளச்சேரி வாசகி

ப: வராது. கடுகளவுச் சிலந்தியின் பல் நம் தோலில் இறங்கவே இறங்காது, ஊர்ந்தால் புண்ணும் வராது. மழைக்காலத்தில் ராத்திரி விளக்குக்கு வருகிற, ஆரஞ்சும் கறுப்புமாக எறும்பு போல நீண்ட ஒரு வண்டு உண்டு. கழுத்தில் உட்கார்ந்ததைத் தூக்கத்தில் தேய்த்துவிட்டால் அதன் உடம்புச் சாறு பட்டுக் கோடு கோடாகக் கொப்புளிக்கும். நசுக்காமல் ஊதிவிட வேண்டும், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஆனால் அக்கியும் இப்படித்தான் தொடங்கும், அது வைரஸ். மூன்று நாளுக்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது. அதனால் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். மாமியாரிடம் சிலந்தி மேல் பழி இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

*

கே: சிலந்திக்குக்கூடக் கிரிக்கெட் வீரர் பெயரா? லத்தீன் பெயரும் புரிவதில்லை. தமிழில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

– தமிழாசிரியர், மயிலாப்பூர்

ப: ஐயா, தமிழில் தாராளமாக வைக்கலாம். எழுத்து லத்தீன் எழுத்தாக இருக்க வேண்டும், இரண்டு சொல்லாக இருக்க வேண்டும், ஏற்கெனவே வைத்த பெயராக இருக்கக் கூடாது. சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். ஊரின் பெயர் என்றால் ‘என்சிஸ்’, ஆண் பெயர் என்றால் கடைசியில் ‘இ’, பெண் பெயர் என்றால் ‘ஏ’ என்று சேர்ப்பது வழக்கம். சிலம்பி என்று நம் பழைய சொல்லே இருக்கிறது, எவ்வளவு அழகாக இருக்கும்! தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளத் தடை இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை. அது மரியாதை இல்லை.

டெண்டுல்கர் பெயரை 2019-ல் ஒரு தாவும் சிலந்திக்கு வைத்தவர் குஜராத்தைச் சேர்ந்த துருவ் பிரஜாபதி. அதில் உங்களுக்கு வருத்தம் இருந்தால், அவரும் நண்பர்களும் 2021-ல் வைத்த இன்னொரு பெயரைச் சொல்கிறேன். மும்பைத் தாக்குதலின்போது பயங்கரவாதியின் துப்பாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கிய போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே. மும்பையை ஒட்டிய கல்யாண் பக்கம் கிடைத்த ஒரு தாவும் சிலந்திக்கு ‘ஐசியஸ் துக்காராமி’ என்று பெயர். மனிதர்கள் வைக்கிற சிலைக்கு மாலை போட ஒரு நாள்தான். இந்தப் பெயரை, அந்த வகைச் சிலந்தியை எடுக்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். இது எனக்குப் பிடித்த மரியாதை.

*

கே: டீச்சர், எங்கள் பள்ளி வேலியில் பெரிய வலையின் ஓரத்தில் வெள்ளி உருண்டை மாதிரி ஒரு சின்னச் சிலந்தி. போட்டோ எடுத்திருக்கிறேன். புது இனமா? நீங்கள் எப்போதாவது புது இனம் கண்டுபிடித்திருக்கிறீர்களா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொளத்தூர்

ப: பாப்பா, உன் போட்டோ தெளிவாக இருக்கிறது. அது ஆர்கைரோட்ஸ் வகை. வேலிச்செடியில் கூடாரம் மாதிரி வலை கட்டுகிறதே பெரிய சிலந்தி, அதன் வீட்டில் வாடகை தராமல் குடியிருக்கிறது. வீட்டுக்காரி கண்டுகொள்ளாத குட்டிப் பூச்சிகளைத் தின்னும், சமயம் பார்த்து அவள் சுற்றி வைத்த சாப்பாட்டையும் எடுக்கும். இனம் எதுவென்று போட்டோவில் சொல்ல முடியாது, ஏன் என்று மேலே நங்கநல்லூர் அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன், படி. தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்து நோட்டில் எழுது. கிண்டி தேசியப் பூங்கா மாதிரி இடங்களில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது. உனக்கு வேலி போதும்.

உலகச் சிலந்திப் பட்டியல் ஒன்று சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகர மியூசியத்தில் பராமரிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அதில் 50,000-வது இனம் ஏறியது. அந்தப் பட்டியலில் என் பெயரில் ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் ஒரு குப்பி இருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். ஒரு ஐப்பசியில், இரண்டு நாள் மழை விட்ட காலை, மரத்தடிச் சருகை அள்ளி மாவுச் சல்லடையில் போட்டு, எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் சலித்தேன். முதலில் எல்லாம் மண்ணாகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தால் மண்ணில் சில துகள் நடக்க ஆரம்பிக்கும். அப்படி நடந்தது ஒன்று. ஒன்றரை மில்லிமீட்டர், ஆரஞ்சு கலந்த பழுப்பு, வயிற்றின் மேல் கேடயம் மாதிரி கெட்டித் தகடு. கொஞ்சம் நடக்கும், நிற்கும், சட்டென்று ஓடும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எட்டுக் கண்ணுக்குப் பதில் ஆறு. ஆங்கிலத்தில் காப்லின் என்கிற குடும்பம். குட்டிச்சாத்தான் சிலந்தி என்று நான் சொல்லிக்கொள்வேன். மக்கிய சருகுக்குள்ளேயே அதன் வாழ்க்கை முழுக்க நடந்துவிடும்.

அது பெண். அடுத்த வாரம் இன்னொன்று கிடைத்தது, அதுவும் பெண். எனக்குக் கிடைத்த எல்லா விவரிப்போடும் ஒப்பிட்டேன், எதோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இந்தக் குடும்பத்தில் பெண்ணுக்கு வெளியே தெரிகிற அடையாளம் குறைவு. ஆண் வேண்டும். வேறு யாரோ ஆணை மட்டும் பார்த்து எப்போதோ பெயர் வைத்திருந்தால், நான் அதே இனத்துக்கு இரண்டாவது பெயர் வைத்தவளாகிவிடுவேன். அந்தத் தப்பைத் திருத்த இன்னொருவர் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் எழுதவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். மாமரமும் போயிற்று. குப்பிக்குள் அந்த இரண்டு சிலந்திகளும் அவற்றின் சீட்டும் மட்டும் இருக்கின்றன: இடம், தேதி, ‘மாமரத்தடிச் சருகு’. ஆல்கஹாலில் மை கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதியது.

அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இன்னொரு மாமரம் மிச்சம் இருக்கிறது. அந்த வீட்டு மாமி ஒவ்வொரு மழைக்கும் எனக்குக் கதவு திறந்துவிடுகிறார். பின்பக்கம் ஒரு மூலையை மட்டும் பெருக்க வேண்டாம் என்று வேலைக்கு வருகிறவரிடம் அவரே சொல்லி வைத்திருக்கிறார். பத்து வருடமாகச் சலிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை தாம்பாளத்தில் ஒன்று நடந்தது பாப்பா. அதே நிறம், அதே ஆறு கண், அதே நின்று ஓடுகிற ஓட்டம். முகத்தருகில் இருக்கிற கை இரண்டும் லேசாகப் பருத்திருக்கின்றன. ஆண்தான், ஆனால் இன்னும் கடைசித் தோல் உரிக்கவில்லை. இப்போது ஆல்கஹாலில் போட்டால் பயன் இல்லை. ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பாவில், கொஞ்சம் மாஞ்சருகோடு விட்டிருக்கிறேன். அந்தச் சருகிலேயே துள்ளுகிற வெள்ளைப் பூச்சிகள் சாப்பாடு. நேற்று இரண்டு குறைந்திருந்தன. காலையில் எழுந்ததும், காப்பி கலப்பதற்கு முன்னால், போய் டப்பாவைத்தான் பார்க்கிறேன்.